ஆறாவது பிணத்தைக் கொன்றவர்

நான் எழுதிய சரித்திர மர்ம நாவலை முதல் வரியிலிருந்து கடைசி வரி வரை படித்தவர் இந்த உலகத்தில் ஒரே ஒருவர்தான். அவர் சித்தூர்ப் பக்கம் ஓர் ஆஸ்பத்திரியில் பிணம் அறுக்கிறவர். ஒரே ஒருவர் என்று சொல்லும்போது என்னையும் கழித்துவிட்டுத்தான் சொல்கிறேன். எழுதியவன் நான் என்பது உண்மைதான். ஆனால் வாராவாரம் அடித்துப் பிடித்து அனுப்பியதை மொத்தமாக உட்கார்ந்து படிக்கும் தெம்பு எனக்கு இருந்ததில்லை.

அவரை எல்லோரும் ‘மார்ச்சுரி’ என்றுதான் கூப்பிட்டார்கள். டீக்கடையில் மார்ச்சுரி, பஸ்ஸில் மார்ச்சுரி, ரேஷன் கடையிலும் மார்ச்சுரி. என் கைபேசியில் மட்டும் அவருக்கு வேறு பெயர் வைத்திருந்தேன். அந்தக் கதையைப் பிறகு சொல்கிறேன். அதற்குமுன் என் வயிற்றெரிச்சலைக் கொஞ்சம் கொட்டிக்கொள்ள அனுமதியுங்கள்.

ரேணிகுண்டா ரயில்வே பார்சல் ஆபீசில் காலமெல்லாம் குப்பை கொட்டிவிட்டு, ஓய்வு பெற்றுத் திருப்பதியில் உட்கார்ந்திருந்தபோது, ஒரு வாரப் பத்திரிகையில் தொடர்கதை எழுதச் சொன்னார்கள். நான் வைத்த தலைப்பு ‘கோட்டையின் மௌனம்’. “மௌனத்தை எவன் சார் படிப்பான்?” என்று கேட்ட ஆசிரியர், ‘குருதிப் படிக்கட்டு’ என்று மாற்றினார். சந்திரகிரிக் கோட்டையில் நடக்கிற கதை. வாரத்துக்கு ஒரு ரத்தமாவது சிந்த வேண்டும் என்பது அவருடைய ஒரே நிபந்தனை. நானும் சிந்தினேன். கதை முடிந்தபோது பதினான்கு பேர் செத்திருந்தார்கள்.

புத்தகமாக வந்தபோது திருப்பதியில் வெளியீட்டு விழா. சிறப்பு விருந்தினர் நாற்பது நிமிடம் பேசினார். அதில் முப்பத்தெட்டு நிமிடம் சர்க்கரை வியாதியும் பாகற்காயும். மீதி இரண்டு நிமிடத்தில், “குடும்பத்தோடு உட்கார்ந்து படிக்க வேண்டிய பக்தி நாவல், படிக்கட்டு என்றாலே திருமலைதானே” என்று முடித்தார். அட்டையில் வெட்டுப்பட்ட கை ஒன்று படியில் கிடக்கிறது. அதை அருள்பாலிக்கும் கை என்று நினைத்துவிட்டார் போலிருக்கிறது.

என் மச்சினன் இரண்டு வருஷமாக, “படிச்சிக்கினே கீறேன் மாமா, சூப்பரா போவுது” என்கிறான். அவன் வீட்டுக்குப் போனபோது புத்தகத்தை எடுத்துப் பார்த்தேன். பதினோராம் பக்கத்தில் கரண்ட் பில் சொருகியிருந்தது. பில்லில் இருந்த மாதம், புத்தகம் வெளிவந்த அதே மாதம்.

இணையத்தில் ஒருவர் இரண்டு நட்சத்திரம் போட்டு, “அட்டை மடங்கியிருந்தது, கொண்டுவந்தவர் மரியாதையாகப் பேசினார்” என்று எழுதினார். அந்த இரண்டும் கொண்டுவந்தவருக்குப் போட்டவை என்றால் எனக்கு விழுந்தது பூஜ்யம். வெதுருகுப்பத்திலிருந்து ஓர் ஆசிரியை, “கொலைகளை இன்னும் கொஞ்சம் அன்பாகச் செய்திருக்கலாம்” என்று எழுதியிருந்தார். நகரியிலிருந்து ஒரு பெரியவர் போன் செய்தார்.

“எங்க ஆளுங்கதான் அந்தக் காலத்துல கோட்டைல தளபதி. நீங்க இன்னாடான்னா ரெண்டாவது அத்தியாயத்துலயே அவர சாவடிச்சிட்டீங்க.”

சாதிச் சண்டை வந்துவிட்டது என்று நடுங்கிப்போய் மன்னிப்புக் கேட்டேன்.

“சாவடிச்சது பரவால்ல சார். இன்டர்வெல் வரைக்குமாவது இட்டுக்கினு போயிருக்கலாம் இல்ல?”

இப்படி எனக்கு வாய்த்த வாசகர்கள் எல்லாருமே அட்டையைப் படித்தார்கள், முன்னுரையைப் படித்தார்கள், அதிகம் போனால் இரண்டாவது அத்தியாயம் வரை வந்தார்கள். இந்த வெறுப்பில் நான் உழன்றுகொண்டிருந்த ஒரு வியாழக்கிழமை மதியம், சாப்பிட்டுவிட்டுக் கண் அசந்த நேரத்தில் போன் வந்தது.

“ரைட்டர் சாரா?”

“ஆமாங்க.”

“ஆறாவது பொணத்த யாரு சார் கொன்னது?”

தப்பான நம்பர் என்று சொல்லி வைத்துவிட்டேன். மறுபடி அடித்தது. அதே குரல், அதே கேள்வி.

“போலீஸா?” என்றேன்.

“இல்ல சார், மார்ச்சுரி.”

கட்டிலில் எழுந்து உட்கார்ந்தேன். அந்தக் குரல் நிதானமாக விளக்கியது. “ஏழாவது அத்தியாயத்துல, சொரங்கத்துக்குள்ள, சிப்பாய்ங்க முன்னால தீவட்டி புட்சிக்கினு ஒருத்தன் போறான் இல்ல? அவன் கழுத்த யாரோ அறுத்துட்டுப் போயிட்டாங்க. மத்த பதிமூணு பேருக்கும் யாரு கொன்னது, எதுக்குக் கொன்னதுன்னு கடைசில வந்துடுச்சி. இவனுக்கு மட்டும் வரல. ரெண்டு தபா படிச்சேன் சார். பக்கம் எதுனா ஒட்டிக்கினு கீதான்னு தண்ணி தொட்டுப் பிரிச்சிக்கூட பாத்தேன்.”

போனை வைத்துவிட்டு என் புத்தகத்தை ஏழாவது அத்தியாயத்திலிருந்து கடைசி வரை புரட்டினேன். மனிதர் சொன்னது சரி. தீவட்டிக்காரனுக்குப் பெயர்கூட இல்லை. மொத்தம் நாலு வரி. ‘அவன் கழுத்திலிருந்து பீறிட்ட குருதியே தீவட்டியை அணைத்தது’ என்று நான் ரசித்து எழுதிய வரியோடு அவன் கதை முடிந்துவிடுகிறது. அதற்குப் பிறகு யாரும் அவனைத் தேடவில்லை. பத்திரிகை ஆசிரியர் கவனிக்கவில்லை, பிழை திருத்தியவர் கவனிக்கவில்லை, பாகற்காய் விருந்தினர் கவனிக்க வாய்ப்பே இல்லை.

அடுத்த வியாழக்கிழமை அவர் கூப்பிட்டபோது, “அது ரெண்டாம் பாகத்துல வரும்” என்று கூசாமல் பொய் சொன்னேன். “எப்ப சார் வரும்?” என்றார். அன்றிலிருந்து ஒவ்வொரு வியாழனும் போன். அவர் பெயரைக் கேட்டு வைத்துக்கொள்ள எனக்குத் தோன்றவில்லை. எரிச்சலில் ‘ஆறாவது பிணம்’ என்று பதிந்துவைத்தேன். இதனால் வந்த வினை ஒன்று உண்டு. புத்தூரில் ஒரு கல்யாணத்தில் என் போனைப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கை கழுவப் போயிருந்தேன். அது அடிக்கவே, என் மனைவியின் சித்தி எடுத்துப் பார்த்திருக்கிறாள். ‘ஆறாவது பிணம் அழைக்கிறது’ என்று திரையில் ஓடியிருக்கிறது. எழுந்த வேகத்தில் நாற்காலியோடு சரிந்து மணிக்கட்டை முறித்துக்கொண்டாள். எலும்புக் கட்டுக்குப் பேர்போன புத்தூரைவிட எலும்பு முறியத் தோதான ஊர் கிடையாது. தாலி கட்டி முடிவதற்குள் கட்டுப் போட்டுக்கொண்டு பந்திக்கு வந்துவிட்டாள். ஆனால் இன்றுவரை என் பக்கத்தில் உட்காருவதில்லை.

ஒருநாள் வேறு வேலையாகச் சித்தூர் போனபோது, தொல்லை ஒழியட்டும் என்று அவரைப் போய்ப் பார்த்தேன். ஆஸ்பத்திரி வாசல் டீக்கடையில் நின்றிருந்தார். ஐம்பது வயதைத் தாண்டிய ஒல்லி மனிதர். வெள்ளைச் சட்டை, எண்ணெய் வழித்துப் படிய வாரிய தலை, பத்தடி தூரத்துக்கு மல்லிகை சென்ட் வாசனை. நான் கை நீட்டினேன். அவர் இரண்டு கைகளையும் பின்னால் கட்டிக்கொண்டு குனிந்து வணக்கம் சொன்னார். எல்லாரும் கண்ணாடி கிளாசில் டீ குடிக்க, அவர் தன் பையிலிருந்து ஓர் எவர்சில்வர் டம்ளரை எடுத்து நீட்டினார்.

“கடை கிளாசு ஒடிஞ்சி பூடும்னு பயப்படறாங்க சார்” என்று சிரித்தார். டீ ஆற்றுகிறவர் வேறு பக்கம் பார்த்துக்கொண்டே அந்த டம்ளரில் ஊற்றினார். நான் என் கிளாசைப் பாதியில் கீழே வைத்தேன்.

என்னை மேலும் கீழும் பார்த்தவர், “அறுவத்தெட்டு கிலோ” என்றார். அன்று சாயந்திரம் எடை பார்த்தேன். அறுபத்தெட்டுதான். யாரையும் ‘செத்துட்டாரு’ என்று அவர் சொல்வதில்லை. ‘வந்துட்டாரு’ என்பார். “நேத்து நம்ம சாரு வந்துட்டாரு” என்றால் ஒரு சார் காலி என்று அர்த்தம். எழுத்துப் படிப்பெல்லாம் தெலுங்கில். தமிழைப் பழைய பத்திரிகைக் காகிதங்களில் எழுத்துக்கூட்டிக் கற்றுக்கொண்டாராம். அதனால் தமிழ் படிப்பார், ஆனால் எழுதும்போது தமிழையும் தெலுங்கு எழுத்தில்தான் எழுதுவார். மதியம் வேலை இல்லாதபோது உள்ளேயே உட்கார்ந்து வாய்விட்டுப் படிப்பாராம்.

“உள்ள ஏசி கீது சார். சத்தம் போட மாட்டாங்க. உங்க கதைய எத்தினி பேரு கேட்டுகிறாங்க தெரியுமா?”

என் வாசகர்களில் நடுவே எழுந்து போகாதவர்கள் அவர்கள் மட்டும்தான்.

ஆனால் மனிதர் சும்மா புகழ்கிற ரகம் இல்லை. மூன்றாவது அத்தியாயத்தைப் பிடித்துக்கொண்டார். அதில் செத்துப்போன தளபதியின் மெய்க்காவலன் தலை துண்டாகி, ரத்தம் முப்பத்திரண்டு படிகளில் ஆறாக ஓடுகிறது. ஆசிரியர் வைத்த தலைப்புக்காகவே எழுதிய இடம் அது.

“ஒரு ஆளுக்கு அஞ்சு லிட்டர், மிஞ்சிப் போனா அஞ்சரை. அது முப்பத்திரண்டு படி எறங்குமா சார்?”

“கதைதானேப்பா” என்றேன்.

“கதைன்னா? கதைல மட்டும் மனுசனுக்கு டேங்கா வச்சிக்கீது?”

இரண்டு வாரம் கழித்து ஒரு காலை வேளையில், சந்திரகிரியிலிருந்து தெலுங்கில் ஒரு கறாரான குரல் கூப்பிட்டது. கோட்டைக் காவலாளி. உடனே வரச் சொன்னார். பஸ் பிடித்து ஓடினேன். படிக்கட்டு அடியில் மார்ச்சுரி குத்துக்காலிட்டு உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் பிளாஸ்டிக் கேன். மேல் படிகளில் குங்குமத் தண்ணீர். அளந்து ஐந்தரை லிட்டர் கலக்கிக் கொண்டுவந்து உச்சிப் படியில் கவிழ்த்திருக்கிறார். செய்வினை வைக்கிறான் என்று காவலாளி பிடித்துவிட்டார். சுற்றிலும் சுற்றுலா வந்தவர்கள் தள்ளி நின்று படம் எடுத்துக்கொண்டிருந்தார்கள்.

“நான் ஒண்ணும் பண்ணல சார், இவருதான்” என்று என்னைக் காட்டினார் மார்ச்சுரி. “இவரு இதே கோட்டைல பதினாலு பேரக் கொன்னுகிறாரு. கேட்டுப் பாருங்க.”

காவலாளியின் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே. நான் எழுத்தாளன் என்று நிரூபிக்கப் புத்தகத்தை எடுத்துக் காட்டினேன். அட்டையிலிருந்த வெட்டுப்பட்ட கை நிலைமையை இன்னும் மோசமாக்கியது. மார்ச்சுரியையும் என்னையும் துடைப்பம் கொடுத்துப் படியைக் கழுவ வைத்துவிட்டுத்தான் விட்டார். கழுவிக்கொண்டே மார்ச்சுரி என் காதில் சொன்னார்.

“ஒம்போது படி சார். அதுக்கு மேல ஒரு சொட்டு எறங்கல.”

இத்தனைக்குப் பிறகும் அவர் மேல் எனக்கு இருந்தது எரிச்சல்தான். அதை மறைத்து இப்போது நல்லவன் வேஷம் போட விரும்பவில்லை. திருப்பதியில் ஒரு வாசகர் சந்திப்பு வைத்தார்கள். முப்பது பேர் வந்திருந்தார்கள். கேள்வி நேரத்தில், “கதாநாயகிக்குக் கல்யாணம் ஆகுமா?”, “அடுத்து எப்போ சார்?” என்று இரண்டு கேள்விகள். மூன்றாவதாகக் கடைசி வரிசையிலிருந்து மல்லிகை வாசனை எழுந்து நின்றது.

“ஆறாவது பொணத்த யாரு சார் கொன்னது?”

எல்லாரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குத் தெரியாது என்று சொல்லியிருக்கலாம். மறந்துவிட்டேன் என்றாவது சொல்லியிருக்கலாம். நான் மைக்கைப் பிடித்துக்கொண்டு, “பிணத்தோடயே குடும்பம் நடத்துறவருக்குப் பிணத்தைத் தவிர வேற என்ன கண்ணுல படும்?” என்றேன்.

அரங்கம் சிரித்தது. கை தட்டினார்கள். அந்த நாவலுக்கு நான் வாங்கிய ஒரே உண்மையான கைதட்டல் அதுதான். மார்ச்சுரியும் சிரித்தார். சிரித்துக்கொண்டே உட்கார்ந்தார். அவர் பக்கத்து நாற்காலியில் இருந்தவர், விஷயம் புரிந்ததும், எழுந்து வேறு இடம் பார்த்துப் போனார். அதை நான் மேடையிலிருந்து பார்த்தேன். பார்த்தும் அடுத்த கேள்விக்குப் போனேன்.

குற்ற உணர்ச்சி பிடுங்கியெடுக்க, விழா முடிந்ததும் பஸ் ஸ்டாண்டுக்குப் போனேன். சித்தூர் பஸ்ஸுக்காகச் சிமெண்டுப் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். “உனக்கு ஏன்பா அந்தத் தீவட்டிக்காரன் மேல இவ்வளவு அக்கறை?” என்றேன்.

அவர் என் சட்டைக் காலரைத் திருப்பிப் பார்த்தார். உள்ளே தையல்காரர் கடையின் சின்னத் துணிச் சீட்டு இருந்தது.

“ரயில்ல அடிபட்டு, பஸ் ஸ்டாண்டுல உயுந்து, பேரு தெரியாம வருவாங்க சார். பேப்பர்ல ‘அன்னோன்’னு எழுதிப் போட்டுடுவாங்க. நான் காலரப் பாப்பேன். டைலர் கட பேரு இருக்கும். போன் பண்ணி, இந்த கலரு, இந்த சைஸு, யாருக்குத் தச்சீங்கன்னு கேப்பேன். அவனுங்க கண்டுபுடிச்சிடுவானுங்க. பொண்டாட்டி புள்ளைங்க வந்து அயுதுட்டு எடுத்துக்கினு போவாங்க. எங்கிட்ட வந்தவங்க பேரில்லாம போகக் கூடாது சார். யாரு, எதனால, ரெண்டும் தெரியணும்.” கொஞ்ச நேரம் பஸ் வருகிற திசையைப் பார்த்தார். “உங்க தீவட்டிக்காரனுக்கு சட்டயே இல்லன்னு எழுதிட்டீங்க. காலர எங்க தேடுவேன்?”

அப்போதுதான் உண்மையைச் சொன்னேன். அந்த வாரம் கதையில் யாரும் சாகவில்லை. ஆசிரியர் போன் செய்து, “என்ன சார், இந்த வாரம் எல்லாரும் நல்லா இருக்காங்களே?” என்று கத்தினார். அனுப்பவேண்டிய நேரம் தாண்டிவிட்டது. கைக்குக் கிடைத்தவன் தீவட்டிக்காரன்தான். பத்து நிமிடத்தில் கழுத்தை அறுத்து அனுப்பிவிட்டேன். யார் அறுத்தது என்று பிறகு யோசிக்கலாம் என்றிருந்தேன். யோசிக்கவில்லை.

“பத்து நிமிசத்துலயா?” என்றார் மார்ச்சுரி. “நான் ஒரு ஒடம்பத் தச்சி முடிக்கவே ஒரு மணி நேரம் ஆவுது சார்.”

வேறு எந்த விமர்சனமும் எனக்கு அப்படி உறைத்ததில்லை. திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திட்டவில்லை. அடுத்த வியாழக்கிழமை போன் செய்து, எனக்காக அவரே கொலைகாரனைக் கண்டுபிடித்துக் கொடுத்தார்.

“கோட்டைல ராஜாவும் பெரிய ஆளுங்களும் தெலுங்குதான பேசுவாங்க? சிப்பாய்ங்க நம்மள மாதிரி தமிழு. அரகொற தெலுங்கு. தீவட்டிக்காரன் ரகசியத்த பாத்துட்டான், அவன இன்னா பண்றதுன்னு சிப்பாய் கேக்கறான். பெரியவரு நல்லவரு. ‘வான்னி சம்பே அவசரம் லேது’ன்னு சொல்றாரு. தெலுங்குல இன்னா அர்த்தம்?”

“அவனைக் கொல்லத் தேவையில்லை.”

“சிப்பாய்க்கு இன்னானு கேட்டிருக்கும்? கொல்றதுக்கு அவசரம் இல்ல! சரி, மெதுவா பண்ணலாம்னு, நல்லா துன்னுட்டு, கைகயுவிட்டு, வந்து அறுத்துட்டான். யாரு மேலயும் தப்பில்ல சார். ஒரு வார்த்தைல போயிட்டான்.”

இரண்டு பாஷையிலும் தினம் புழங்குகிறவன் நான். தெலுங்கில் ‘தேவை’ என்பதும் தமிழில் ‘சீக்கிரம்’ என்பதும் ‘அவசரம்’ என்ற ஒரே சொல்லில் படுத்திருப்பது எனக்கும் தெரியும். அதைக் கதையில் வைக்க எனக்குப் புத்தி எட்டவில்லை. என் நாவலின் பதினான்கு கொலைகளில் உருப்படியானது இந்த ஒன்றுதான், அதையும் நான் எழுதவில்லை. பொறாமையை விழுங்கிக்கொண்டு, “அடுத்த பதிப்புல கண்டிப்பா சேர்க்கறேன், உன் பேரையும் போடறேன்” என்றேன். அப்போதும் அவர் பெயர் என்ன என்று கேட்கவில்லை.

அடுத்த பதிப்பு வருகிற வழியாக இல்லை. பதிப்பாளர் என் போனை எடுப்பதையே நிறுத்தியிருந்தார். மார்ச்சுரியின் வியாழக்கிழமைகளும் குறைந்தன. ஒரு மாதம் போன் வராமல் போகவே, நானே கூப்பிட்டேன். குரல் மெலிந்திருந்தது.

“கல்லீரலு சார். உள்ள எப்படி இருக்கும்னு எனக்குத் தெரியும். எத்தினி பேருத பாத்துகிறேன்.”

“வந்து பார்க்கட்டுமா?”

“அவசரம் இல்ல சார்” என்றார். “ஆறாவதாளு மேட்டர் மட்டும் மறந்துடாதீங்க.”

நான் அதைத் தமிழாக எடுத்துக்கொண்டேன். மெதுவாகப் போகலாம் என்று. அடுத்த வாரம் மழை. அதற்கடுத்த வாரம் ஒரு நிச்சயதார்த்தம். பிறகு முழங்கால் வலி. திருப்பதிக்கும் சித்தூருக்கும் இரண்டு மணி நேரம்கூட ஆகாது. இரண்டு மாதம் எனக்கு அந்த இரண்டு மணி நேரம் கிடைக்கவில்லை.

ஒரு காலை, பேப்பர் படித்துக்கொண்டிருந்தபோது போன் அடித்தது. ‘ஆறாவது பிணம் அழைக்கிறது’ என்று திரை சொன்னது. சந்தோஷமாக எடுத்து, “இன்னாப்பா, எப்படி கீற?” என்றேன். ஒரு பெண் குரல் பதில் சொன்னது.

“சார், நான் அவரு ஊட்டம்மா. அவரு நேத்து...” என்று நிறுத்தினாள். பிறகு, அவரைப்போலவே, ‘செத்துட்டாரு’ என்ற சொல் இல்லாமல் சொன்னாள். “போயி சேந்துட்டாரு சார். ஆஸ்பத்திரிக்கெல்லாம் எடுத்துக்கினு போவல. ஊட்ல வச்சிதான்.”

சித்தூரில் இறங்கி அவர் தெருவைத் தேடியபோது, சுவரில் கண்ணீர் அஞ்சலிப் போஸ்டர் ஒட்டியிருந்தது. படத்தில் அதே படிய வாரிய தலை. கீழே ஒரு பெயர். அவருடைய பெயரை நான் முதன்முதலாகப் படித்தது அந்தச் சுவரில்தான். பெயரில்லாமல் யாரும் போகக்கூடாது என்று காலர் காலராகத் தேடியவரிடம், உன் பெயர் என்ன என்று ஒரு தடவைகூட நான் கேட்டதில்லை. சுவருக்கு முன்னால் நின்று அழுதேன். வெட்கமாகத்தான் இருந்தது.

அவர் மனைவி தண்ணீர் கொடுத்தாள். நான் வாங்கிக் குடிக்கிறேனா என்று ஒரு கணம் பார்த்தாள். குடித்தேன். பிறகு சொன்னாள்.

“தெனம் ஷேவிங் பண்ணிக்கினு, சென்ட் போட்டுக்கினு குந்திக்கினு இருப்பாரு சார். ரைட்டர் சாரு வருவாருன்னு. நான் போன் போடட்டான்னா, வேணாம்பாரு.”

அவசரம் இல்லை என்று அவர் சொன்னது தமிழா தெலுங்கா என்று வழியெல்லாம் குழம்பிக்கொண்டு வந்திருந்தேன். இரண்டு பாஷையிலும் அவர் சொன்னது பொய். இரண்டு பாஷையும் தெரிந்த எனக்கு அது புரியவில்லை.

அவள் என் நாவலைக் கொண்டுவந்து கொடுத்தாள். தண்ணீர் தொட்டுப் பிரித்ததில் பக்கங்கள் உப்பியிருந்தன. கடைசி வெற்றுப் பக்கத்தில் தெலுங்கு எழுத்தில், ஆஸ்பத்திரிப் பதிவேடு மாதிரி கட்டம் போட்டு ஒரு பட்டியல். ஒன்று முதல் பதினான்கு வரை. பெயர், தொழில், கொன்றவர், காரணம். எல்லாம் மணிமணியான கையெழுத்து. ஆறாவது வரிசையில் மட்டும் கேள்விக்குறி ஒன்று போட்டு அடித்திருந்தது. அடித்ததற்குப் பக்கத்தில், வேறு மையில், நடுங்கிய எழுத்தில் இப்படி இருந்தது:

பெயர்: தெரியாது. தொழில்: தீவட்டி. கொன்றவர்: ரைட்டர் சார். காரணம்: அவசரம்.

எழுத்து தெலுங்கு. சொல் எந்த பாஷை என்று கேட்க ஆள் இல்லை.

இதற்கெல்லாம் பிறகு, இணையத்தில் ஒருவர் என் நாவலை அரைமணி நேர வீடியோவில் கிழித்துத் தோரணம் கட்டினார். ‘ரத்த வாந்தி’ என்று தலைப்பு. அதைப் பார்த்துவிட்டு ஆளாளுக்குப் புத்தகம் தேட, பதிப்பாளர் தானாகவே என்னைக் கூப்பிட்டு இரண்டாம் பதிப்பு என்றார். புகழ்ந்தபோது வராத பதிப்பு, வாந்தியில் வந்தது. ஏழாவது அத்தியாயத்தையும் இன்னும் சில இடங்களையும் திருத்தித் தருகிறேன் என்றேன். பத்து நிமிடத்தில் எழுதிய நாலு வரியைத் திருத்த எனக்கு ஒன்றரை மாதம் ஆயிற்று.

புதிய பதிப்பு வந்து, வழக்கம்போல வாசகர் கடிதங்களும் வந்தன. “முதல் பதிப்பில் பதினான்கு பிணம், இதில் பதிமூன்றுதான். ஒரு பிணம் குறைகிறது, வாசகனை ஏமாற்றலாமா?” என்று ஒருவர் கோபப்பட்டிருக்கிறார். இன்னொருவர், “ரத்தம் ஒன்பது படியோடு நின்றுவிடுகிறதே, விறுவிறுப்பு போதவில்லை” என்கிறார். மச்சினன் இன்னமும் படித்துக்கொண்டே இருக்கிறான்.

இப்போது ஏழாவது அத்தியாயத்தில் பெரியவர், “வான்னி சம்பே அவசரம் லேது” என்கிறார். இந்த முறை அந்தச் சிப்பாய்க்குத் தெலுங்கு நன்றாகத் தெரியும். கத்தியை உறையில் போட்டுவிட்டு, தீவட்டிக்காரனைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, முன்னால் நடக்கச் சொல்கிறான். சித்தூர்ச் சுவரில் நான் படித்த அதே பெயர்தான், ஆனால் அது என்ன என்று இங்கே சொல்ல மாட்டேன். அவர் ஒருவர்தான் என் புத்தகத்தை முழுசாகப் படித்தவர், அவர் பெயரைத் தெரிந்துகொள்ள நீங்களும் கொஞ்சம் படிக்கத்தான் வேண்டும். அவனுக்கு இப்போது சட்டை இருக்கிறது, காலரோடு. கடைசி அத்தியாயம் வரை தீவட்டியை அவன்தான் பிடித்துக்கொண்டு வருகிறான். அந்த வெளிச்சத்தில்தான் நானும் என் புத்தகத்தை ஒருவழியாக முழுசாகப் படித்து முடித்தேன்.